தூக்குவாளியோடு ஒரு டவுன் ரவுண்டு!

"டேய்... இது நம்ம வீட்டு சாம்பார்பொடி பாக்கெட்டுடா!"

தேனிக்காரன் இப்படிக் கத்தியபோது எங்கள் நாலு பேருக்கும் முழங்கால் வரை தண்ணீர். 2024 அக்டோபர் 25. அன்றைக்கு மதுரையில் கொட்டிய மழை உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். செல்லூரில் பந்தல்குடி கால்வாய் பொங்கித் தெருவுக்குள் வந்தது. தெருவில் இருந்து எங்கள் வாடகை வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. புத்தகத்தை எல்லாம் பரண் மேலே ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், வாசல் வழியாக ஒரு ஊர்வலமே உள்ளே வருகிறது. கேரி பேக், டீ கப், சிப்ஸ் கவர், செருப்பு, மறுபடியும் கேரி பேக். அதில் ஒன்றைத்தான் தேனி கையில் எடுத்துக் காட்டினான்.

சந்தேகமே இல்லை. எங்கள் பாக்கெட்தான். பரமக்குடிக்காரன் அதன் முதுகில் மார்க்கர் பேனாவால் "4 பேருக்கு 2 ஸ்பூன்" என்று எழுதி வைத்திருந்தான். காலியானதும் மற்ற குப்பையோடு முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தது நான். அது ஊரைச் சுற்றிவிட்டு, சாக்கடைக் குளியல் போட்டுவிட்டு, அட்ரஸ் தப்பாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறது!

ஒரு பாக்கெட்டால் வெள்ளம் வந்தது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை, நிரம்பி வழிந்த கண்மாய், சுருங்கிப்போன கால்வாய் என்று பெரிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால், அந்த இரண்டு நாளும் சேறு அள்ளியது நாங்கள். அள்ளிய ஒவ்வொரு வாளியிலும் பாதி பாலித்தீன். அதற்கு மேல் அடுத்தவனைத் திட்ட வாய் வரவில்லை.

வீடு காய்ந்த அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தோம். ஏழு நாள் எந்த உறையையும் வெளியே போடுவதில்லை. எல்லாவற்றையும் கழுவி, பாத்ரூம் பக்கத்தில் ஒரு சாக்கில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தரையில் கொட்டி எண்ணினால்... பால் பாக்கெட் 14, நூடுல்ஸ் 12, அதற்குள்ளே இருக்கும் மசாலா சாஷே தனியாக ஒரு 12, ஷாம்பூ சாஷே 10, மசாலாப் பொடி 6, பிஸ்கட் - சிப்ஸ் 13, பரோட்டா பார்சல் வகையறா 9. மொத்தம் 76! நாலே பேர், ஒரே வாரம். இதில் நாங்கள் மத்தியானம் காலேஜ் கேன்டீனில் சாப்பிடுகிற பார்ட்டிகள் வேறு. (நீங்களும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். தனியாக எண்ணாதீர்கள், ரூம்மேட்டையும் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பழியைப் பங்கு போட முடியும்.)

சாக்கைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். காசு கிடைக்கும் என்று விருதுநகர்க்காரன் ஒரு டீக்கு பிளான் வேறு போட்டிருந்தான். கடைக்கார அண்ணன் பால் கவரை மட்டும் தனியாக எடுத்தார்.

"இதக் கழுவிக் காயவச்சுக் கொண்டாந்தா எடுத்துக்கிறேன் தம்பி. மத்ததெல்லாம் அங்கிட்டு ஓரமாக்கூட வைக்காதீக, மாடு வந்து மேயும்."

"ஏண்ணே, இதுவும் பிளாஸ்டிக்தான?"

அவர் ஒரு சிப்ஸ் கவரைக் கிழித்து உள்பக்கம் காட்டினார். வெள்ளியாகப் பளபளத்தது. "இது பிளாஸ்டிக்கும் இல்ல, அலுமினியமும் இல்ல. ரெண்டையும் ஒட்டுனது. பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. எவன் வாங்குவான்?"

மூணு வருஷம் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் நான். எனக்கு யாரும் இத்தனை சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. பால் கவர் ஒரே ஜாதி பிளாஸ்டிக். உருக்கினால் மறுபடி எதுவாகவாவது ஆகும். சிப்ஸ், மசாலா, நூடுல்ஸ் உறை எல்லாம் பல அடுக்கு. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் மொறுமொறுப்பைக் காப்பதற்காக அடுக்கு மேல் அடுக்காக ஒட்டியிருப்பார்கள். தின்பண்டத்துக்கு அது நல்லது. தின்று முடித்த பிறகுதான் தொல்லை.

"நம்ம ஊர்லதான் பிளாஸ்டிக் ரோடு இருக்கே, எல்லாத்தையும் அதுல போட வேண்டியதுதான?" என்றான் விருதுநகர். நியாயமான கேள்விதான். திருப்பரங்குன்றம் பக்கம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்தது அது. பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கி, சூடான ஜல்லியில் கலந்து, அதன் மேல் தாரை ஊற்றுவார்கள். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே முதல் சாலை போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரைக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்! ஆனால் ஒரு சிக்கல். பாக்கெட் ரோடு வரைக்கும் போக வேண்டுமே? எங்கள் பாக்கெட் கால்வாய் வரைக்கும்தானே போனது?

சரி, வீட்டுக்குள் வராமலே இருக்க என்ன வழி? அப்போதுதான் பரமக்குடி அந்த ஐடியாவைச் சொன்னான். "மாப்ள, எங்கம்மா இப்பவும் பையும் சம்படமும் எடுத்துட்டுத்தான்டா கடைக்குப் போகும். நாமளும் ஒரு தடவ போய்ப் பாப்போம்."

போனோம். ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணி. எங்கள் கையில் இருந்த ஆயுதங்கள்: கட்டப்பை 2, கல்யாண வீட்டுத் தாம்பூல மஞ்சப்பை 5, ஹவுஸ் ஓனர் ஆத்தாவிடம் இரவல் வாங்கிய ஒயர் கூடை 1, எவர்சில்வர் தூக்குவாளி 1, சம்படம் 3. டவுன் பஸ்ஸில் எங்களைப் பார்த்த கண்டக்டர், "என்னப்பா, சீர் கொண்டு போறீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டில் எங்கள் காலேஜ் பொண்ணுங்க இரண்டு பேர் வேறு! தேனி ஒயர் கூடையை மெதுவாக என் காலுக்குக் கீழே தள்ளிவிட்டான், துரோகி.

முதல் ஸ்டாப், அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை இதுதான், தெரியுமா? 1999 நவம்பர் 14-ஆம் தேதி திறந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, காலையில் அந்த இடமே ஒரு தினுசாகக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஈரம் சொட்டுகிற கீரைக்கட்டு, மண் ஒட்டிய சின்ன வெங்காயம், பறித்த காம்பு இன்னும் பச்சையாக இருக்கிற கத்திரிக்காய். விலையை போர்டில் எழுதிவிடுகிறார்கள். அதனால், பேரம் பேசத் தெரியாத எங்களை மாதிரி ஆட்களுக்கு நிம்மதி.

இங்கே ஒன்று கவனித்தேன். எதற்குமே உறை கிடையாது. கீரையை வாழை நாரால் கட்டியிருக்கிறார்கள். தக்காளி தராசுத் தட்டில் இருந்து நேராகப் பைக்குள் சரிகிறது. சூப்பர் மார்க்கெட்டில் நாலு குடைமிளகாயைத் தெர்மாகோல் தட்டில் வைத்து, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் சுற்றி, ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறார்களே, அதெல்லாம் இங்கே கதையிலும் இல்லை.

கீரை விற்ற பாட்டியிடம் தனித்தனிப் பையாக நீட்டினோம். தக்காளிக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று. பாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தது.

"எதுக்கு ராசா இத்தன பை? கிழங்க அடியில போடு, வெங்காயத்த அதுமேல போடு, தக்காளிய கடேசியா வாங்கி மேல வையி. ஒரு கூட போதும்."

அடடா! எங்களுக்கு உறைத்தது. நாங்கள் பையை மாற்றினோமே தவிர பழக்கத்தை மாற்றவில்லை. கேரி பேக்குக்குப் பதிலாக மஞ்சப்பையைக் கேரி பேக் மாதிரியே உபயோகித்துக்கொண்டிருந்தோம். கனமானது அடியில், நசுங்குவது மேலே. இதற்கு எந்த யூனிவர்சிட்டியும் சர்டிபிகேட் தராது. ஆனால் அன்றைக்கு எங்கள் தக்காளி ஒன்றுகூட நசுங்காமல் வீடு வந்தது.

அடுத்தது டவுன். யானைக்கல்லில் இறங்கினால் கீழமாசி வீதி ஆரம்பம். சித்திரைத் திருவிழாவில் தேர் வருகிற வீதி. மற்ற நாளில் அங்கே மூட்டைதான் ஊர்வலம் போகும். பருப்பு, மல்லி, புளி, வெல்லம் என்று வாசனையை வைத்தே எந்தக் கடை முன்னால் நிற்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தள்ளுவண்டிக்கும் டூ வீலருக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். பக்கத்தில் கீழமாரட் வீதிப் பக்கம் போனால் வெங்காய வாடை தூக்கும்.

முதல் கடையில், "துவரம்பருப்பு ரெண்டு கிலோ" என்று மஞ்சப்பையை விரித்தோம். ஓனர் கணக்கு நோட்டில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மொத்தம்தான் தம்பி. மூட்டைன்னா சொல்லுங்க." இரண்டாவது கடையில் பாக்கெட் போட்டதுதான் இருக்கிறது என்றார்கள். விருதுநகர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது கடையில்தான் சாக்கு வாயை மடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். எடை போடும் அண்ணன், சம்படத்தைத் தராசில் வைத்து ஒரு பட்டனைத் தட்டினார். டப்பா எடை கழிந்து பூஜ்யம் வந்தது. அப்புறம் உளுந்தை அள்ளிப் போட்டார். அவ்வளவுதான் விஷயம்! நாங்கள்தான் ஏதோ புரட்சி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அது சாதாரணம்.

கடுகு, சீரகம் எல்லாம் நூறு நூறு கிராம்தான் வாங்கினோம். அதை அவர் பேப்பரில் பொட்டணம் போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! கையைச் சுற்றி ஒரு கூம்பு, மேலே இரண்டு மடிப்பு, உத்தரத்தில் தொங்குகிற நூல்கண்டில் இருந்து ஒரு இழு இழுத்து நாலு சுற்று, சுண்டி ஒரு அறு. மூன்று செகண்ட்கூட ஆகவில்லை. பரமக்குடி வீட்டில் வந்து இருபது தடவை முயற்சி பண்ணினான். கடுகு பொறுக்கியதுதான் மிச்சம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வடை, பஜ்ஜி மாதிரி எண்ணெய்ப் பண்டத்தைப் பழைய நியூஸ் பேப்பரில் மடிப்பது வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது. வடைக்கு இருக்கவே இருக்கு வாழை இலை.

எண்ணெய்க் கடையில் எங்கள் ஹீரோயிசம் புஸ்ஸென்று போனது. தூக்குவாளியை நீட்டி, "கடலெண்ணெய் ஒரு லிட்டர் ஊத்துங்கண்ணே" என்றோம். "அப்படிச் சில்லறையா ஊத்திக் குடுக்கக் கூடாதுப்பா. சீல் வச்சதுதான் தரணும்" என்றார். கோபமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது கோபம் போய்விட்டது. 1998-ல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெயைக் கலந்து விற்று, அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, பல உயிர்கள் போயிருக்கின்றன. அதன் பிறகுதான் உதிரி எண்ணெய் விற்பனையில் இத்தனை கெடுபிடி. ஆக, எல்லா உறையும் வில்லன் இல்லை. சிலதுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நாங்கள் ஐந்து லிட்டர் டின்னாக வாங்கிவிட்டோம். ஐந்து பாக்கெட்டுக்குப் பதில் ஒரு டின். காலியானால் இரும்புக் கடை அண்ணன் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்.

தூக்குவாளி சும்மா வரக்கூடாதே என்று அதில் நாட்டுச் சர்க்கரை வாங்கினோம். விளக்குத்தூண் வரை நடந்து ஆளுக்கொரு ஜிகர்தண்டா. கிளாஸில்தான் சாப்பிட்டோம், பார்சல் இல்லை!

வீட்டுச் சமையலில்தான் உண்மையான கூத்து. பாக்கெட் மசாலாவை விட்டுவிட்டால் பொடிக்கு என்ன செய்வது? பரமக்குடியின் அம்மா ஊரில் இருந்து முண்டு மிளகாய் கொடுத்தனுப்பினார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரத்து மிளகாய், சும்மாவா? மல்லி, மிளகு, சீரகம், துவரம்பருப்பு, வெந்தயம் எல்லாம் சேர்த்து மொட்டை மாடியில் காய வைத்து, அரவை மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மில்லில் வரிசையாக டின்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு டின்னுக்கும் பின்னால் ஒரு அம்மா. நடுவில் நாங்கள் நாலு தடிமாடுகள்.

"கருவேப்பில போட்டீகளா? பெருங்காயம்?" என்று ஒரு அத்தை டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். போடவில்லை. அத்தை தன் டின்னில் இருந்தே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை எடுத்து எங்கள் டின்னில் போட்டார். அரைக்க ஆரம்பித்ததும் நாங்கள் போட்ட தும்மலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி வைத்த சாம்பார் இருக்கிறதே... ஒருவரும் பேசவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

சொதப்பல்களும் உண்டு. மொத்தமாக வாங்கிய ரவையில் இரண்டே வாரத்தில் வண்டு வந்துவிட்டது. ஈரமான சம்படத்தில் கொட்டியது என் தப்பு. அரை கிலோவைக் கோழிக்குப் போட வேண்டியதாயிற்று. உறையை மிச்சம் பிடிக்கப் போய்ச் சாப்பாட்டையே குப்பையாக்கினால் அது என்ன கணக்கு? ஹவுஸ் ஓனர் ஆத்தாதான் சொல்லித் தந்தது. சம்படத்தை வெயிலில் காய வை, ரவையை லேசாக வறுத்து ஆற விட்டுப் போடு, பருப்புக்குள் நாலு காய்ந்த மிளகாய் போடு, ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதே. அதற்கப்புறம் வண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஷாம்பூ சாஷே இன்னொரு தலைவலி. சாஷே என்பதே நம்ம ஊர்ச் சரக்குதான். கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் இதற்கு முன்னோடி. பணக்காரர்கள் மட்டும் பாட்டிலில் வாங்கியதை உழைக்கிற ஜனங்களும் வாங்கட்டும் என்று சின்ன உறையில் போட்டார். நல்ல எண்ணம்தான். இன்றைக்கும் பல பிராண்டில் கணக்குப் போட்டால் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. மாசக் கடைசியில் பாட்டில் வாங்கச் சொல்கிறவன் எதிரி. நாங்கள் நாலு பேரும் காசு போட்டு ஒரு பெரிய பாட்டில் வாங்கினோம். தேனிக்காரன் முடிக்குத் தனி ரேட் வைக்கலாமா என்று இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பரோட்டாவுக்கு என்ன வழி? மதுரையில் இருந்துகொண்டு ராத்திரி பரோட்டா சாப்பிடாமல் இருக்க முடியுமா? கேரி பேக், தட்டு, சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் ஷீட் என 14 வகைப் பொருளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டமும் வந்தது. ஆனாலும் கொதிக்கிற சால்னாவைப் பாலித்தீனில் ஊற்றி ரப்பர் பேண்ட் போடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் போய்விடவில்லை. நாங்கள் டிபன் கேரியரோடு போய் நின்றோம். மாஸ்டர் ஏதாவது சொல்வாரோ என்று பயம். அவர் கேரியரை வாங்கிப் பார்த்தார். "சட்டி கொண்டு வந்தா நமக்குக் கவர் மிச்சம்" என்று சால்னாவை ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். இந்த ஒரு கரண்டி மேட்டர் தெரிந்ததில் இருந்து எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேரியரோடு திரிகிற பேச்சிலர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது!

ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணினோம். பொடி பாக்கெட், பார்சல் கவர், சாஷே மூன்றும் பூஜ்யம். பிஸ்கட் 5. பால் கவர் அதே 14. இதற்கு மாற்று கிடைக்கவில்லை. பால்காரர் வருகிற நேரத்தில் எங்களில் ஒருவனும் எழுந்திருப்பதில்லை. அதனால் மூலையை முழுசாக வெட்டி எறியாமல், துண்டு கவரோடு ஒட்டியிருக்கிற மாதிரி வெட்டுகிறோம். அந்தக் குட்டித் துண்டுதான் சிங்க் வழியாகச் சாக்கடைக்கு ஓடிவிடும். கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைக்கிறோம். பனியனுக்கும் ஜட்டிக்கும் நடுவில் பால் கவர் தோரணம். எதிர் வீட்டு மாடியில் இருந்து பார்த்தவர்கள், பசங்களுக்குப் படித்துப் படித்து மூளை குழம்பிவிட்டது என்று ஆத்தாவிடம் விசாரித்திருக்கிறார்கள்.

அப்புறம் நூடுல்ஸ் 6, அதன் மசாலா சாஷே 6. ஆக மொத்தம் 31.

"நூடுல்ஸ்ல கை வைக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே பேசுனோம்ல?" என்றான் விருதுநகர். பேசியது உண்மைதான். ஆனால் நேற்று பரண் மேலே புத்தகம் எடுக்க ஏறிய தேனிக்காரன், அங்கே பழைய கொஸ்டின் பேப்பர் கட்டுக்குப் பின்னால் கணக்கில் வராத இன்னொரு நாலு காலி உறைகளைக் கண்டுபிடித்திருக்கிறான். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.